இருபத்து மூன்று பிள்ளைகளும் ஒரு கடைசிக் காட்சியும்

உலகத்தில் கலைத்தாயைப் போற்றிய நாடுகள் எத்தனையோ உண்டு. கலைஞராக இருக்கும் தாயைப் போற்றிய ஊர் ஒன்றே ஒன்றுதான். அது போடிநாயக்கனூர். கிரேக்கம், ரோமாபுரி என்று பேசுகிறவர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும். பிள்ளைகுட்டி உள்ள கலைஞருக்கு மலைமேல் அறை கொடுத்து, மூன்று வேளை சோறு போட்டு, 'நீ எழுது தாயே, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொன்ன சக்கரவர்த்தி அங்கே எவனாவது உண்டா? எங்கள் ஊரில் சொன்னார்கள். சொன்னதை நானே நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதினேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர் சின்னச்சாமி. ஏலக்காய் வியாபாரியும் எஸ்டேட் உரிமையாளருமான உயர்திரு திருப்பதி அவர்களின் கடையில் எழுத்தர். அவரைத் தலைவராகக் கொண்ட 'மலைச்சாரல் முத்தமிழ் மன்ற'த்துக்குச் செயலாளர். இலக்கிய உலகில் 'ஏலவாணன்' என்ற பெயரால் அறியப்படுகிறேன். அறிந்தவர்கள் எல்லோரும் மேற்படி மன்றத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள்.

1979-ஆம் ஆண்டை உலகக் குழந்தைகள் ஆண்டு என்று அறிவித்தார்கள் அல்லவா? அப்போது எங்கள் மன்றத்துக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. குழந்தைகளுக்கு நன்மை செய்யும் மன்றங்களுக்கு உதவி நிதி உண்டு என்று அதில் கண்டிருந்தது. அதுவரை எங்கள் மன்றம் குழந்தைகளுக்குச் செய்திருந்த ஒரே நன்மை, சொற்பொழிவின்போது அழுத குழந்தைகளை வெளியே தூக்கிக்கொண்டு போகச் சொன்னதுதான்.

தலைவர் சுற்றறிக்கையை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"ஏப்பா சின்னச்சாமி, கொழந்தைகளுக்கு நேரடியாச் செஞ்சா சோலி சாஸ்தி. முட்டாய் குடுக்கணும், ஊசி போடணும். பெத்தவுகளுக்குச் செஞ்சா என்ன?"

"ஊருல எல்லாரும் பெத்தவுகதானங்க மொதலாளி."

"அதுல கலை தெரிஞ்சவுகளுக்கு மட்டும்னு போடு. ஒண்ணு ரெண்டுதான் தேறும்."

இப்படிப் பிறந்ததுதான் 'கலைத்தாய் உறைவிடத் திட்டம்'. ஒரு கலைஞர், அவருக்குப் பிள்ளைகள் இருக்க வேண்டும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், தலைவரின் எஸ்டேட்டில், மூன்று மாதம் தங்கல். சாப்பாடு இலவசம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. கலைஞர் செய்ய வேண்டியது படைப்பது மட்டுமே. நோட்டீசில் 'படைப்பது மட்டுமே' என்பதைத் தடித்த எழுத்தில் போட்டோம்.

தேர்வுக் கூட்டம் ஏலக்கூடத்தில் நடந்தது. ஏலம் இல்லாத நாள் பார்த்துத்தான் வைத்தோம். ஆனால் உறுப்பினர்கள் ஆறு பேரும் வியாபாரிகள். முப்பது வருடமாக உட்கார்ந்த அதே நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள். நானும் பழக்கத்தில் விண்ணப்பங்களை ஏலக்காய் மாதிரி வைக்கும் தட்டுகளில் வைத்துச் சுற்றுக்கு விட்டேன். பெரியோர்கள் ஏலக்காயைப் பார்ப்பது போலவே கலையையும் பார்த்தார்கள். கிள்ளினார்கள், தேய்த்தார்கள், வெளிச்சத்தில் பிடித்தார்கள், பார்த்து முடித்ததைத் தரையில் எறிந்தார்கள். ஒரு நாதஸ்வர வித்துவானின் விண்ணப்பத்தைக் காசிமாயன் என்ற உறுப்பினர் மூக்கருகே கொண்டுபோய், "ஈரம் போகல" என்று கீழே போட்டார். அவருடைய கலை ஞானத்தை அன்றுதான் முழுமையாக அறிந்தேன்.

கடைசியாகத் தட்டில் மிஞ்சியது ஜக்கம்மாளின் விண்ணப்பம்.

ஜக்கம்மாள் பக்கத்தில் உள்ள தேவாரம் என்ற ஊர்ப் பெண். எங்கள் சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காய் சலித்துத் தரம் பிரிப்பவர். கணவர் ஜீப்பு ஓட்டுகிறார்; ஜீப்பு தலைவருடையது. நாலு வயதில் ஒரு பெண், மடியில் ஒரு கைக்குழந்தை. சல்லடையை ஆட்டிக்கொண்டே வசனம் முணுமுணுப்பார் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். தேவாரத்தில் அவர் எழுதி இரண்டு நாடகம் போட்டார்கள்; சனங்கள் விடிய விடிய இருந்து பார்த்தார்கள். மூன்றாவதற்கு 'சல்லடை' என்று பெயர். மதுரையில் 'ஸ்ரீமங்கள நாடக சபா' நடத்தும் ராக்கையா அதில் நாலு காட்சியைப் படித்துவிட்டு, "கடைசிக் காட்சிய எழுதித் தைக் கடைசிக்குள்ள கொண்டா. மாசியில மேடை ஏத்துறேன். தை தாண்டுனா வேற நாடகத்துக்குப் போயிருவேன்" என்று சொல்லியிருந்தார். கூலிக்குச் சல்லடை ஆட்டுகிற பெண்ணுக்கு மதுரையில் மேடை என்றால், சும்மாவா?

விண்ணப்பத்தில் அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'ஒரே ஒரு மாதம் என் பிள்ளைகளை யாராவது பகலில் பார்த்துக்கொண்டால் போதும். முடித்துவிடுவேன்.'

இவ்வளவு குறைவாகக் கேட்கிறவருக்கு உதவுவதில் உள்ள இன்பத்தைச் சொல்லி முடியாது. ஏகமனதாகத் தேர்வு செய்தோம்.

சர்க்கார் படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. 'பயன்பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை.' நான் எழுந்து, "ரெண்டு" என்று வாசித்தேன்.

"மூணு" என்றார் காசிமாயன்.

எதற்காகச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. அந்தக் கூடத்தில் ஓர் எண் காதில் விழுந்தால் அடுத்த எண் அவர் வாயிலிருந்து வந்துவிடும். வந்ததும் பக்கத்து நாற்காலி, "அஞ்சு" என்றது. "ஏழு." "ஏழரை" என்றார் ஒருவர். பிள்ளையில் அரை கிடையாது என்று நான் நினைவூட்டியதும் எட்டு என்று திருத்திக்கொண்டார். "பத்து." "பதினஞ்சு." காசிமாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இருவது!" என்று முழங்கினார். அதுவரை வாயே திறக்காதிருந்த தலைவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அமைதியாகச் சொன்னார்:

"இருவத்தி மூணு."

"ஒரு தரம்" என்றேன். என் நாக்கும் பழகிய நாக்குதானே? "ரெண்டு தரம். மூணு தரம்!" மேசையைத் தட்டினேன்.

போடியில் கல்யாணத்துக்குச் சொன்ன வார்த்தையை மாற்றலாம். ஏலத்தில் தட்டிய எண்ணை மாற்ற முடியாது. படிவத்தில் இருபத்து மூன்று என்று ஏற்றினேன். அப்புறம்தான் காசிமாயனுக்குச் சந்தேகம் வந்தது.

"அந்தப் பிள்ளைக்கு ரெண்டுதானய்யா இருக்கு? மிச்சம் இருவத்தொண்ணுக்கு எங்க போறது?"

"மிச்சத்த நான் தர்றேன்" என்றார் தலைவர்.

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. தன் பிள்ளையைக் கொடுத்த வள்ளல்களைப் பற்றிப் புராணத்தில் படித்திருக்கிறோம். அடுத்தவர் பிள்ளைகளை, அதுவும் இருபத்தொரு பேரை, நின்ற நிலையில் கொடுத்த வள்ளலை அன்றுதான் கண்டோம்.

அந்த நேரம் அவர் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இத்தனை பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்க்க ஒரு கொட்டகையும் ஓர் ஆயாவும் சட்டப்படி இருக்க வேண்டும்; இருக்கிறதா என்று பார்க்க மார்கழியில் வருகிறேன் என்று தொழிலாளர் அதிகாரி எழுதியிருந்தார். காயெடுக்கப் போகிற பெண்களின் பிள்ளைகள் எங்கள் எஸ்டேட்டில் சரியாக இருபத்தொரு பேர். இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் ஏலம் அறியாதவர்கள். கடைசியாக ஏலம் கேட்கிறவன் தன் எண்ணை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் வருவான்.

கார்த்திகை பிறந்ததும் ஜக்கம்மாளை ஜீப்பில் ஏற்றி அனுப்பினோம். மாலை போட்டோம். கொண்டையூசி வளைவுகளில் பெரிய பிள்ளை வாந்தி எடுத்ததாகவும், ஜக்கம்மாள் அதைத் தன் மாற்றுச் சேலையால் துடைத்தாரே தவிர நாடக நோட்டைப் பொதிந்திருந்த துணியைத் தொடவில்லை என்றும் கேள்விப்பட்டேன். கலைப்பற்று என்பது இதுதான்.

ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்துக்குப் பின்னால், சாக்கு அடுக்கியிருந்த கொட்டகையைக் காலி செய்து வெள்ளையடித்து வைத்திருந்தோம். வாசலில் தொங்கிய பெயர்ப்பலகை என் யோசனை. ஒரு பக்கம் 'கலைத்தாய் உறைவிடம்'. திருப்பினால் 'தொழிலாளர் பிள்ளைக் கொட்டகை'. ஒரே பலகை, இரண்டு திட்டம். சிக்கனத்துக்கு எங்கள் மன்றம் பேர்போனது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் காயெடுக்கும் பெண்கள் வரிசையாக வந்து பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள். முதலில் வந்தவர் மருதாயி.

"இந்தாக்கா, இவன் பேரு சோலை. கண்டதையும் வாயில போடுவான், பாத்துக்க."

"என்னம்மா இது? எங்கிட்ட எதுக்குக் குடுக்குற?" என்றார் ஜக்கம்மாள்.

"நீதான இவுகளுக்கெல்லாம் ஆத்தான்னாங்க? மேஸ்திரி சீனிச்சாமி சொன்னாரு. இதுவரைக்கும் செடிக்கு நடுவுல தூளி கட்டிப் போட்டுட்டுத்தான் காயெடுப்போம்க்கா. சாயங்காலம் வந்து பாத்தா அட்டை கடிச்சு ரத்தம் வடியும். இப்ப நீ வந்துட்ட. நல்லா இருப்ப."

ஜக்கம்மாள் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏன்ண்ணே, பிள்ளைகளப் பாத்துக்க ஆள் உண்டுன்னுதான நோட்டீசுல போட்டிருந்துச்சு?"

"உண்டே" என்றார் சீனிச்சாமி. "நீங்கதான் அந்த ஆள்."

பூராவும் ஒழுங்காக இருந்தது. நோட்டீசில் ஆள் யார் என்று நாங்கள் குறிப்பிடவில்லை.

ஒரு மாதம் கழித்து முன்னேற்ற அறிக்கை எழுத நான் மலை ஏறினேன். நான் போன நேரம் ஜக்கம்மாள் ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் வைத்துக்கொண்டு, மூன்றாவதைக் காலால் ஆட்டிக்கொண்டிருந்தார். மூலையில் நாலைந்து அழுதன. அவை அழுவதைப் பார்த்து மற்றவை அழுதன. 'கலைச்சூழல் நிலவுகிறது' என்று குறித்துக்கொண்டேன்.

"வாங்கண்ணே. நல்லா இருக்கீகளா?" என்றார். குரல் கட்டியிருந்தது.

"இருக்கேம்மா. படைப்பு எந்த மட்டுல இருக்கு?"

"எந்தப் படைப்பு? இருவத்தி மூணு பிள்ளைக்குக் கஞ்சி ஊத்துறனே, அதா?"

"அனுபவம்மா, அனுபவம். எழுத்தாளனுக்கு அனுபவம்தானே மூலதனம்?"

"எனக்கு அனுபவம் போதும்ண்ணே. நேரம் குடுங்க" என்றார். "வந்த அன்னைக்கு எழுதுன ஒரு வரிதான் இன்னைக்கும் நிக்குது."

கடைசிக் காட்சி என்ன என்று கேட்டேன். அறிக்கைக்கு வேண்டும் அல்லவா? ஜக்கம்மாளின் முகம் மாறிவிட்டது. தோளில் கிடந்த பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு, நின்ற இடத்திலேயே நடித்துக் காட்டத் தொடங்கினார்.

"பேச்சின்னு ஒரு பொம்பள, என்னைய மாதிரி காய் சலிக்கிறவ. தெனமும் வேல முடிஞ்சு போறப்ப வாசல்ல நிப்பாட்டி மடிய ஒதறச் சொல்லுவாகல்ல? ஒரு நாளு திருடிட்டான்னு பேரு கட்டிருறாக. ஊரு கூடி நிக்குது. பேச்சி சொல்றா: 'ஒதறுறேன். நான் ஒண்ணும் மாட்டேங்கல. அதுக்கு முந்தி, மாதிரி பாக்குறேன்னு ஏலத்துல கை கையா அள்ளுனவுக பூராம் அவுக சட்டப் பைய ஒதறட்டும்.' ஒவ்வொருத்தரா ஒதறுறாக. மேட பூராம் காய் உருளுது. அதக் கூட்டி அள்ளுனா ஒரு மூட்ட தேறுது. அப்பறம் பேச்சி தன்னோட மடிய ஒதறுறா. ஒண்ணுமே விழுகல."

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. உள்ளே ஐந்தாறு காய் கிடந்தன. மாதிரிக் காய்.

"சொல்லிட்டியேம்மா, இதையே எழுத வேண்டியதுதானே?"

"அங்கனதான் பேச்சி பேசுற பேச்சு ஒண்ணு இருக்குண்ணே. அது வாயில வந்து வந்து போகுது. வர்ற நேரம் பாத்து ஒண்ணு வெளிய போகுது, ஒண்ணு சுவத்துல முட்டுது. ராத்திரி எழுதலாம்னா என் மகளுக்கு இங்கத்துக் குளிரு ஆகல. விடிய விடிய இருமுது." அவர் கண் கலங்கியது. "போயிரலாம்னும் பாத்தேன். நான் போனா நாளைக்கே இதுக அட்டைக்குள்ள கெடக்கணும்னு மருதாயி அழுகுறா. எங்க வீட்டுக்காரரு ஓட்டுற ஜீப்பும் மொதலாளியோடது. நான் எங்கிட்டுப் போக?"

நான் பொருத்தமான பழமொழியைச் சொன்னேன். "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்."

"சரிண்ணே. ஊரான் பிள்ளைய வளத்தா நாடகம் தானா எழுதிக்கிருமா?" என்று கேட்டார்.

அறிக்கையில் பழமொழியை மட்டும் குறித்துக்கொண்டேன்.

மார்கழியில் தொழிலாளர் அதிகாரி வந்தார். முந்தின நாளே பலகையைத் திருப்பி வைத்துவிட்டோம். தலைவரே நேரில் வந்து நின்றார். எஸ்டேட் கேரளத்தில் இருப்பதால் அதிகாரி மலையாளி. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, பிள்ளைகள் கொழுகொழுவென்று இருப்பதைக் கண்டு மனம் குளிர்ந்து போனார்.

"குட்டிகள் நல்லா இருக்கு. ஆயா நிங்களாணோ?"

"நான் நாடகம் எழுதுறவ சார்" என்றார் ஜக்கம்மாள்.

"நாடகமோ?"

தலைவர் பெரிதாகச் சிரித்தார். "ஆயாதான் சார். கொஞ்சம் கலை ஆர்வம்."

"சார்" என்றார் ஜக்கம்மாள். கையில் பிள்ளை இருந்ததால் கும்பிடக்கூட முடியவில்லை. "செய்யிறது ஆயா சோலிதான். கூட்டியாந்தது நாடகம் எழுத. எந்தப் பேருல வேணும்னாலும் எழுதிக்கங்க. அந்தப் பேருக்கு உள்ளது எதுவோ அதக் குடுக்கச் சொல்லுங்க."

அதிகாரி தலைவரைப் பார்த்தார். "ஆயாவாணெங்கில் சம்பளம் கொடுக்கணுமல்லோ?"

"இவுக கலைஞர் சார்" என்றார் தலைவர் கையெடுத்துக் கும்பிட்டபடி. "கலைஞருக்குப் போய்ச் சம்பளம் குடுத்து அவமானப்படுத்தலாமா?"

இந்த இடத்தில் எங்கள் திட்டத்தின் ஆழத்தை வாசகர்கள் நின்று நிதானித்துக் காண வேண்டும். ஆயாவாக இருந்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். கலைஞராக இருந்தால் நேரம் கொடுக்க வேண்டும். கலைஞரான ஆயாவுக்கு இரண்டில் எதையும் கொடுக்க வேண்டியதில்லை. எத்தனை தேசத்து அறிஞர்கள் எத்தனை நாள் யோசித்தாலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?

அதிகாரி 'ஆயா உண்டு. கௌரவப் பணி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது ஜீப்பில் ஒரு பொட்டலம் ஏலக்காய் வைத்தோம். மாதிரிக்குத்தான்.

தை பாதி ஆயிற்று. அடுத்த முறை நான் போனபோது ஜக்கம்மாள் நோட்டை எடுத்துத் துணியோடு என் கையில் வைத்தார்.

"அண்ணே, மதுரைக்குப் போய் ராக்கையா அண்ணன்கிட்ட இதக் குடுங்க. மாசி பத்து வரைக்கும் தவண கேளுங்க. பத்தே நாளு. உறைவிடம் முடிஞ்சு எறங்குன ஒடனே எழுதிக் குடுத்துருவேன்னு சொல்லுங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

நோட்டின் ஓரங்களில் பிள்ளைகளின் கஞ்சிக் கை பட்ட அடையாளம். நாலு காட்சியை ஜீப்பிலேயே படித்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும்: நன்றாக இருந்தது. கிட்டங்கியில் தினமும் என் காதில் விழுந்து நான் கேட்காமல் விட்ட பேச்செல்லாம் அதில் இருந்தது. எனக்குச் சிறிது எரிச்சலாகக்கூட இருந்தது.

ராக்கையாவைத் தவணை கேட்டுத் தொந்தரவு செய்ய என் மனம் ஒப்பவில்லை. அவர் வேலை நிறைந்த மனிதர். ஒரு பெண்ணின் கஷ்டத்தை இன்னொருவர் மேல் ஏற்றுவது நாகரிகமா? ஆகவே கடைசிக் காட்சியை எழுதும் சுமையை நானே ஏற்றேன். வீட்டுச் சூழல் இலக்கியத்துக்கு உகந்ததாக இல்லாததால் தலைவரிடம் சொன்னேன். அவர் உடனே எஸ்டேட் பங்களாவில் ஓர் அறையைத் திறந்துவிட்டார். மேசை, நாற்காலி, கணப்பு, வேளாவேளைக்குக் காப்பி. அறைப் பக்கம் ஒரு குழந்தையும் வரக்கூடாது என்று மேஸ்திரிக்கு உத்தரவு. எதிர்ச்சரிவில்தான் ஜக்கம்மாளின் கொட்டகை. காற்று திரும்பும்போது அழுகைச் சத்தம் வரும், சன்னலைச் சாத்திக்கொள்வேன். பத்தே நாளில் கடைசிக் காட்சியை எழுதி முடித்தேன். தனிமை கிடைத்தால் கலை எப்படிப் பெருக்கெடுக்கிறது என்பதை அப்போதுதான் நேரில் உணர்ந்தேன்.

ஜக்கம்மாள் யோசித்த முடிவில் சில சில்லறைக் குறைகள் இருந்தன. அவற்றைக் களைந்தேன். என் காட்சியில் பேச்சி மடியை உதறுகிறாள், ஏலக்காய் கொட்டுகிறது. "மோசம் போயிட்டேன் மொதலாளி" என்று காலில் விழுகிறாள். முதலாளி கண்ணீர் மல்க அவளைத் தூக்கி நிறுத்தி, "வைத்துக்கொள் தாயே, இனி திருடாதே" என்கிறார். திரை. படித்துக் காட்டியபோது எங்கள் தலைவர் அழுதுவிட்டார்.

தை முடிவதற்குள் நோட்டை ராக்கையாவிடம் சேர்த்தேன். மாசியில் மதுரையில் நாடகம் அரங்கேறியது. சுவரொட்டியில் 'கதை, வசனம்: ஏலவாணன்' என்று போட்டிருந்தார்கள். நான் ஜக்கம்மாளை மறந்துவிடவில்லை. அடியில், பொடி எழுத்தில், 'பிரதி எழுதியவர்: ஜக்கம்மாள்' என்று போடச் சொன்னேன். கையெழுத்து அவருடையதுதானே?

பங்குனியில் போடியில் பாராட்டு விழா வைத்தோம். 'இருபத்து மூன்று பிள்ளைகளின் கலைத்தாய்' என்று பதாகை கட்டினோம். மேடையில் தலைவர், காசிமாயன், குறிப்பேட்டோடு நான். கூட்டத்தில் கிட்டங்கிப் பெண்கள், ஊர்ப் பெரியவர்கள், அவரவர் குடும்பத்தார். தலைவர் பொன்னாடை போர்த்தி, வருகிற ஆண்டும் திட்டம் தொடரும் என்று அறிவித்தார். பிறகு ஜக்கம்மாளை இரண்டு வார்த்தை பேச அழைத்தோம்.

ஜக்கம்மாள் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு ஒலிபெருக்கி முன்னால் வந்தார்.

"நான் அந்த நாடகத்த மதுரையில போய்ப் பாத்தேன்" என்று தொடங்கினார். "டிக்கெட்டு வாங்கித்தான் பாத்தேன். பேச்சிய நான் திருடியா எழுதல. அவ என்னைய மாதிரி, இந்தா ஒக்காந்திருக்காகளே, இவுகள மாதிரி ஒரு பொம்பள. அவ மடியில காய வச்சது நான் இல்ல. யாரு வச்சதுன்னு மேடையில இருக்கவுகளுக்குத் தெரியும்."

கிட்டங்கிப் பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. காசிமாயன் தண்ணீர் கேட்டார்.

"அடுத்த வருசம் போற ஆத்தாமாருக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். கடைசிக் காட்சிய மொதல்ல எழுதி முடிச்சிட்டு மல ஏறுங்க. அப்பறம்..." அவர் என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "சின்னச்சாமி அண்ணே, உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. கோவிச்சுக்கிறாதீக. பங்களாவுல கதவச் சாத்திக்கிட்டுப் பத்து நாளு என் கடைசிக் காட்சிய எழுதுனீகளே, அப்ப உங்க நாலு பிள்ளைகளையும் யாரு பாத்துக்கிட்டது?"

நான் குறிப்பேட்டில் 'நிகழ்ச்சி நிரலில் இல்லாத வினா. ஆகவே ஏற்கப்படவில்லை' என்று எழுதத் தொடங்கினேன். 'நிகழ்ச்சி' வரைக்கும் வந்திருப்பேன். பெண்கள் வரிசையின் கடைசியிலிருந்து ஒருவர் எழுந்து, வழிவிடச் சொல்லி, நேராக மேடைக்கு வந்தார். என் மனைவி சுந்தரம்மாள். இடுப்பிலிருந்த கடைக்குட்டியை எடுத்து, குறிப்பேட்டின் மேலேயே வைத்தார். படியிறங்கிப் போய் கிட்டங்கிப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டார்.

குழந்தை என் முகத்தைப் பார்த்தது. ஆள் யாரென்று தெரியாமல் வீறிட்டு அழுதது. பேனாவைப் பிடுங்கியது. பிறகு குறிப்பேட்டை நனைத்தது.

அதன்பின் அந்த விழாவில் யார் என்ன பேசினார்கள், எதற்குக் கைதட்டினார்கள் என்பதற்கு மன்றத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு வரிகூட என்னால் எழுத முடியவில்லை.